வண்டியைப் பார்க்காமல் வண்டி வாங்க வந்தவர்

ஷோரூமுக்குள் நுழைந்த அன்று அவர் காரைப் பார்க்கவில்லை. காரின் கதவைச் சாத்திக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தபடி நின்றார்.

பின்பக்கத்து இடது கதவு அது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், கச்சிதமாகச் சாத்திக்கொள்ளும். ஆனாலும் நான் ஒரு தரம் சாத்திவிட்டு, உள்ளங்கையை வைத்து இன்னொரு தரம் அழுத்துவேன். வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடிய பிறகும் மூன்று தரம் திரும்பிப் போய்த் தடவிப் பார்க்கிற ஆள் நான். அவருக்கு அது எப்படித் தெரியும்?

"இன்னா நைனா, ஒரு தபா சாத்தினா அது நிக்காதா?"

"நிக்கும் சார். எனக்குத்தான் ரெண்டு தபா சாத்தலன்னா மனசு நிக்காது."

"ஓ, உன் கோளாறா. செரி. அப்ப கதவு மேல பழி இல்ல."

அதைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் கதவின் பக்கமே திரும்பினார்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கார் ஷோரூமில் அப்போது எனக்கு டெமோ வண்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையில் துடைத்து, பெட்ரோல் போட்டு, காற்று சரிபார்த்து, ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களின் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர்கள் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு டையும் ஷூவும் மாட்டிவிட்ட வேலை அது. அதனாலேயே அது எப்போது போகுமோ என்று தினமும் பயந்தேன். யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, டர்போ, டார்க், ஸ்போர்ட் மோடு என்று விற்கிறவர்கள் சொல்வதையெல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். இப்போது நான் ஓட்டுவது கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகிற வேன். டை இல்லை.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "சார், முன்னால ஆடு. சார், பஸ் ஸ்டாப், யாராவது குறுக்க வருவாங்க. சார், அந்த பைக்குக்காரன் திரும்பிப் பாக்கல" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போவேன். மேனேஜர் ஒருமுறை கூப்பிட்டு, "கஸ்டமர் பக்கத்துல உக்காந்து ஒப்பாரி வைக்கிறியாமே" என்று கேட்டார். அன்றிலிருந்து குறைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். குறையவில்லை.

வண்டி வாங்க வந்த அவருக்கு ஊர் திருவிடந்தைப் பக்கத்து மீனவர் குப்பம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக இரண்டு ஃபைபர் படகு, கோவளத்தில் மீன் ஏலம் எடுக்கிற வியாபாரம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வேட்டி, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட போன். கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையின் குறுக்கே வெள்ளையாக ஓடும். அவரிடம் யாராவது ஒரு பொருளைக் காட்டினால் அவர் கண் பொருளின் மேல் போகாது. காட்டுகிறவனின் விரலுக்குப் போகும், அப்புறம் முழங்கைக்கு, அப்புறம் முகத்துக்கு. கடைசியில், நேரம் இருந்தால், பொருளுக்கு.

வண்டி அவருக்கு இல்லை, மகளுக்கு. தேவி கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். தினமும் ஈசிஆர் கடற்கரை ரோட்டில் போய் வருகிறவள். நன்றாக ஓட்டுவாள். அவளுக்குத் தாழ்வாக, தரையோடு ஒட்டிப் பறக்கிற ஸ்போர்ட்ஸ் செடான்தான் வேண்டும். அந்தச் சமயம் அப்படி இரண்டு வண்டிகளுக்குத்தான் போட்டி. ஒன்று எங்களுடையது, சிவப்பு. இன்னொன்று எதிர் கம்பெனியின் வெள்ளை. இரண்டும் டர்போ பெட்ரோல், இரண்டிலும் கிளட்ச் இல்லாத கியர், விலையும் ஏறக்குறைய ஒன்று. எது வாங்குவது என்று அவள் போனிலேயே ஒரு மாதம் வீடியோ பார்த்திருக்கிறாள்.

முதல்முறை உள்ளே உட்கார்ந்தபோது, பக்கவாட்டில் மேடு கட்டிய அந்த சீட்டில் அவர் வழக்கம்போல ஒரு காலை மடக்கி மேலே வைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்பா, இதுல கால மடக்கக் கூடாது."

"மடக்க எங்க வுடுது? இது மனுசன குந்த வைக்கற சீட்டு இல்லடி, புடிச்சி வைக்கற சீட்டு."

"வளைவுல சாயாம இருக்கத்தான் அப்படி."

"நான் ஏன் சாயப் போறேன், கள்ளு குடிச்சிட்டா வந்துகிறேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மேனேஜர் பார்ப்பாரோ என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் சாதாரணமாகக் கேட்டது எங்கள் மேனேஜருக்கு அதிர்ச்சியாக இருந்தது. இரண்டு வண்டியும் ஒரே நாளில், ஒரே ரோட்டில், ஒரே பாரத்தோடு ஓட வேண்டும் என்றார். எந்த ஷோரூமும் இதற்குச் சம்மதிக்காது. காலையில் ஒரு வண்டி, அடுத்த வாரம் இன்னொரு வண்டி, அதுதான் எல்லோரும் செய்வது.

"தனியா ஓட்னா எல்லா இன்ஜினும் நல்லாத்தான் ஓடும் சார். எங்கூருல ரெண்டு போட்டயும் பக்கத்துல பக்கத்துல வுட்டாத்தான் எது அலை ஏறுது, எது முக்குதுன்னு தெரியும். இல்லன்னா வாணாம், வுடுங்க."

மேனேஜர் சம்மதித்தார். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் புது வண்டி கைக்கு வர நான்கு மாதம் ஆகும் என்ற நிலை. தேவிக்கு அவசரம். நான் ஓட்டிக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு டெமோ வண்டியையே விலை குறைத்துக் கொடுக்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்பது அவருக்கு.

ஏன் என்பது எனக்குத் தெரியும். வேறு ஒரு கஸ்டமர் ஓட்டும்போது அந்த வண்டி ரோட்டோரத்திலிருந்த கட்டையில் ஏறி இறங்கியது. இடது முன் சக்கரத்தில் அடி. அப்போதும் பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். சக்கரத்தை மாற்றினார்கள், அடியிலிருந்த இரும்பையும் மாற்றினார்கள், மூன்று தரம் அலைன்மென்ட் பார்த்தார்கள். நேர் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீண்டு திரும்பும் வளைவில் எழுபதைத் தாண்டினால் இடது சக்கரத்துக்கு அடியிலிருந்து 'தட்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்டியரிங் ஒரு விரற்கடை இடதுபக்கம் இழுக்கும். மேனேஜரிடம் சொன்னேன். "உனக்கு எதுலதான் சத்தம் வரல" என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "செங்கல்பட்டு மாமல்லபுரம் ரோட்டுல அந்தப் பெரிய வளைவு இருக்கு பாரு, அந்தப் பக்கம் கஸ்டமரக் கூட்டிப் போகாதே. ஈசிஆர் நேரா இருக்கும், அங்கயே ஓட்ட வை" என்றார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போனது என்று சொன்னால் மிகை இல்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயம்.

அந்த நாள் வந்தது. நான் சிவப்பு வண்டியை மெதுவாக ஓட்டி மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்தேன். எதிர் கம்பெனியிலிருந்து வெள்ளை வண்டியோடு பாஸ்கர் என்று ஒருத்தர் வந்திருந்தார். என் வயசுதான், நாற்பதைத் தாண்டியவர், எதற்கும் பதறாதவர். அவரைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருந்தது.

தேவியும் அவள் அப்பாவும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். முதலில் டீ. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய கடையாக ஒன்று இருந்தது. நான் அதற்குள் நுழையப் போனேன். தேவியின் அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு நைனா. அந்த மாஸ்டர் இன்னா பண்றான் பாரு."

டீ மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, எதிரிலிருந்த தள்ளுவண்டியில் ஒரு டீ வாங்கிக் குடித்தார்.

"அவனே அங்க குடிக்கிறான். நாம ஏன் இங்க குடிக்கணும்?"

தள்ளுவண்டிக்குப் போனோம். டீ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இறங்கவில்லை. இந்த மனிதரின் கண்ணுக்குக் கீழே இன்றைக்குப் பகல் முழுக்க இருக்கப் போகிறேனே என்ற நினைப்பில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவர் அதையும் பார்த்தார்.

அப்புறம் நெம்மேலி. கடற்கரைப் பக்கம் போகிற தெருவில் பெரிய ஸ்பீடு பிரேக்கர் ஒன்று உண்டு. தாழ்வான வண்டிகள் பெரும்பாலும் அதை அடிவயிற்றில் வாங்காமல் தாண்டாது. அங்கே அவருடைய போட்டில் போகிற மூன்று பேர் மண் மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். டிக்கியில் ஆறு மூட்டை, பின்சீட்டில் மூன்று ஆள், அதுதான் அவர் கணக்குப் பாரம்.

"அண்ணாத்த, மண்ணு கொட்டிச்சின்னா மேனேஜர் என்னைத் தொலைச்சிடுவாரு" என்றேன்.

அவர் நீலத் தார்ப்பாய் ஒன்றை எடுத்து டிக்கியில் விரித்தார். நான்கு மூலையையும் மடக்கிச் செருகினார். அதற்கு மேல்தான் மூட்டைகள் போயின. எனக்காக முன்கூட்டியே வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

பிறகு மூவரில் ஒருவரிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஸ்பீடு பிரேக்கரின் முதுகு நெடுக நீளமாகப் பூசினார். குந்தி உட்கார்ந்தார். தேவி முதலில் எங்கள் வண்டியை ஏற்றி இறக்கினாள், அப்புறம் வெள்ளையை. அவர் ரோட்டில் மல்லாக்கப் படுத்து இரண்டின் வயிற்றையும் பார்த்தார். எங்கள் வண்டியின் வயிற்றில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அவர்கள் வண்டியில் இல்லை.

பாஸ்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு இஞ்ச் அண்ணே. ஒரே ஒரு இஞ்ச்."

ஆனால் ஓட்டத்தில் நிலவரம் மாறியது. அந்த மூன்று பேரோடு ஈசிஆரில் போனதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தேவி காலை அழுத்தினாள். டர்போ ஏறியதும் வண்டி எம்பியது. பின்சீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்து என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மச்சான், மூக்கு தூக்குது, முன்னால வா, முன்னால வா."

போட்டில் இன்ஜினைத் திருகினதும் முன்பக்கம் மேலே எழும்புமாம். ஆட்கள் நகர்ந்துபோய் அங்கே பாரத்தை வைக்க வேண்டும். இல்லையென்றால் கவிழ்ந்துவிடும். ஆயுசு முழுக்க அப்படிப் பழகிய உடம்புகள். தேவி பிரேக் போட்டால் மூன்று பேரும் பின்னால் சாய்ந்தார்கள். கோவளம் திருப்பத்தில் வலது பக்கம் சாய்ந்தார்கள்.

"சித்தப்பா, இது போட்டு இல்ல. செவனேன்னு குந்துங்க" என்று தேவி கத்தினாள்.

"நீ ஓட்டுமா. நாங்க கவுராம பாத்துக்கறோம்."

நான் வழக்கம்போல் ஆடு, நாய், பஸ், ஸ்கூல் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து ஒருத்தர், "இன்னாப்பா இவுரு, கலங்கரை விளக்கமாட்டம் வுடாம காட்டிகினே வர்றாரு" என்றார்.

இரண்டு வண்டியையும் ஓட்டிவிட்டுத் திருவிடந்தைக்கு வந்தபோது அவர் தன் வீட்டு வாசலில் காத்திருந்தார்; அங்கே நிறுத்தினோம். வெள்ளை வண்டி மெதுவாக ஊர்ந்தால் கியர் தயங்கித் தயங்கி விழுகிறது என்றாள் தேவி. பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடுகிறது என்றார்கள் மூவரும். எங்கள் சிவப்பு ஒரு இஞ்ச் தாழ்வு, ஆனால் பிரேக் போட்டால் நட்டது மாதிரி நிற்கிறது, திரும்பினால் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது. அவளுக்கு மனசு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவள்தான் அப்போது அப்பாவின் கதை ஒன்றைச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பழைய போட்டு இன்ஜின் ஒன்று வாங்கப் போயிருக்கிறார். விற்கிறவனையே ஓட்டச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாராம்.

"அவன் இன்ஜினப் பத்திப் பேசிகினே வர்றான். இவரு அவன் கையவே பாத்துகினு கீறாரு. அலை மேல ஏறும்போது அவன் கை லேசா தளந்துச்சாம். 'வாணாம், கரைக்குத் திருப்பு'ன்னுட்டாரு. அந்த இன்ஜின் அப்புறம் இன்னொருத்தர நடுக்கடல்ல வுட்டுது."

"தெனம் ஓட்டறவன் கைக்கு எல்லாம் தெரியும். வாய்தான் ஒத்துக்காது" என்றார் அவர்.

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"சிவப்புதான் அப்பா" என்றாள் தேவி.

"செரி. ஷோரூமுக்கே போயி எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம். நைனா, நீ ஓட்டு."

பாஸ்கர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மேனேஜருக்குப் போன் பண்ணினேன். அவர் என்னை முதல்முறையாக, "சபாஷ்டா" என்றார். அந்த வார்த்தை காதில் இனித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. திருவிடந்தையிலிருந்து செங்கல்பட்டுக்கு மாமல்லபுரம் வழியாகத்தான் போக வேண்டும்; வேறு வழியில் திருப்பினால் ஏன் என்று அவர் பார்ப்பார். வழியில் அந்த வளைவு.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தேவி பின்னால். நான் ஓட்டினேன்.

ஓட்டிக்கொண்டே ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனசில் சொல்லிக்கொண்டு வந்தேன். கையைத் தளர்த்தக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. அந்த இன்ஜின்காரன் செய்த தப்பை நான் செய்யக் கூடாது. நாற்பதில் போனால் சத்தமே வராது, ஆனால் நாற்பதில் போனால் ஏன் என்று அவர் பார்ப்பார். என் மகளுக்கு டியூஷன் ஃபீஸ், அம்மாவுக்கு மாத்திரை, கழுத்தில் டை. ஒரே ஒரு வளைவு. அப்புறம் இந்த வண்டி என் பொறுப்பு இல்லை.

"அண்ணா, ஸ்போர்ட் மோடுல போடுங்க. எங்க அப்பாவுக்குக் காட்டலாம்" என்றாள் தேவி. "ஏன் இப்படி மாட்டு வண்டி மாரி ஓட்டறீங்க?"

போட்டேன். மாமல்லபுரம் தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, முள் எண்பதுக்கு வந்தது. "அண்ணாத்த, சைக்கிள்காரர் வர்றாரு. அங்க பள்ளம் கீது. நாய் படுத்திருக்கு பாருங்க" என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

வளைவு வந்தது. காலை எடுக்கவில்லை. கை தளரவில்லை. நடு வளைவில் கீழேயிருந்து அந்தத் 'தட்' வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. இழுத்ததை இழுக்காத மாதிரி பிடித்தேன். இடது ஓரத்துப் புளியமரங்கள் கிட்டத்தில் வந்து விலகிப் போயின. வளைவு முடிந்தது.

"சூப்பரா திரும்புது இல்லப்பா?" என்றாள் தேவி.

அவர் என் கையைப் பார்த்தபடி வந்தார். கொஞ்ச தூரம் போனதும், "ஓரமா நிறுத்து நைனா. ஒதுங்கிட்டு வந்துர்றேன்" என்றார். நிறுத்தினேன். இறங்கினவர் இரண்டடி நடந்துவிட்டு, என்னையும் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். தேவி போனைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருந்தாள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் காலு நோவுது அதுக்கு?"

"எதுக்கு அண்ணாத்த?"

"வண்டிக்கு."

"ஒன்னுமில்ல அண்ணாத்த. நான் காலக்கூட எடுக்கலையே."

"அதான். திருவிடந்தையிலேர்ந்து எத்தினி வளைவு வந்துது? எல்லாத்துலயும் எடுத்த. பயந்தவன் நீ, எடுப்ப. இங்க மட்டும் எடுக்கல. வுடாம பேசிகினு வந்தவன் இங்க மட்டும் ஒரு வார்த்த பேசல." திரும்பி வந்த வழியைப் பார்த்தார். "அந்த வளைவுல ஓரமா ஒரு மாடு நின்னுது. அத்தக்கூட நீ சொல்லல."

அந்த மாட்டை நான் பார்க்கவே இல்லை.

சத்தியமாகப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தேன், பள்ளத்தைப் பார்த்தேன், ரோட்டோரத்தில் ஒரு மாடு நின்றதைப் பார்க்கவில்லை. அது ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நான் முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதி வரைக்கும் நினைப்பேன், அதற்குள் எழுந்து சிலிண்டரைப் பார்க்கப் போய்விடுவேன்.

"முன்னால, இடது பக்கம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வண்டியை நோக்கி நடக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார், அதுவும் என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

"எம் மவ பின்னால குந்திகினு இருந்தா."

அங்கிருந்து ஷோரூம் வரை நாற்பதுக்கு மேல் நான் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மேனேஜர் ஸ்வீட் பாக்ஸோடு வாசலில் நின்றார். தேவியின் அப்பா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, "சார், வண்டி நல்ல வண்டி. எனுக்குத்தான் முட்டி இடிக்குது. வாணாம்" என்றார்.

தேவிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னாப்பா, வழி பூரா முன்னாலதான குந்திகினு வந்த? முன்னால முட்டி எங்க இடிக்குது?"

"பின்னால இடிக்கும். வயசானா நான் பின்னாலதான குந்தணும்?"

"முட்டியாம் முட்டி. ஒரு மாசம் பாத்துப் பாத்து..."

"உன் வண்டிதான், நீதான் ஓட்டப் போற. இந்த ஒன்னு மட்டும் எனுக்காக வுட்டுக் குடு."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, எழுந்துகொண்டாள். பத்து நாளில் அவர்கள் வெள்ளை வண்டியை எடுத்துவிட்டதாகப் பாஸ்கர் போனில் சொன்னார்.

"அந்த ஆளுகிட்ட என்ன சொன்ன?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஒன்னும் சொல்லல சார். அவருக்கு முட்டி வலி."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்காகப் பொய் சொல்லி, மகளிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு போனார். அதற்கு நான் சந்தோஷப்பட்டேனா என்றால், முதல் நாள் மட்டும். மறுநாளிலிருந்து அது வேறு மாதிரி உறுத்த ஆரம்பித்தது. அந்தச் சிவப்பு வண்டி இன்னும் ஷோரூமில் நின்றது. நான் இன்னும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் மகளைக் காப்பாற்றிக்கொண்டார். அது அவர் வேலை. பாக்கி என் வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மேல் கோபமாவது பட்டிருப்பேன்.

இரண்டு வாரத்தில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். இருவருக்கும் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை. அவர்களும் இரண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்தான், ஆனால் போனில். சிவப்பு நிறம் பிடித்துவிட்டது. விலை குறைவு என்றதும் இன்னும் பிடித்துவிட்டது. மாமல்லபுரத்திலேயே இருக்கிற வீடு வரைக்கும் இந்த வண்டியிலேயே போய்ப் பார்க்கிறோம் என்றார்கள். அப்படியென்றால் அந்த வளைவு வழியாகத்தான் போக வேண்டும். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊர் தாண்டற வரைக்கும் நீயே ஓட்டு. அந்த வளைவத் தாண்டி அவங்க கையில குடு" என்றார்.

ஓட்டினேன். கணவர் முன்னால் உட்கார்ந்து திரையில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் சாய்ந்து மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடினாள். வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் நான் காலை எடுத்தேன். முழுசாக எடுத்தேன். எழுபதிலிருந்து முப்பதுக்கு வந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது. இதைவிடப் பச்சையாக எப்படிக் காட்டுவது? ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். மூச்சு விடாமல், பேசாமல் வந்தேன்.

கணவர் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையையோ காலையோ யாரும் பார்க்கவில்லை. அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? வண்டி வாங்க வந்தவர்கள் வண்டியைத்தானே பார்ப்பார்கள்.

வளைவு முடிந்தது. இனி நான் இறங்கி, அந்தப் பக்கம் போய், சாவியை அந்த மனிதரிடம் கொடுக்க வேண்டும். நாளைக்கு வண்டி அவருடையதானால் இதே வளைவில் செங்கல்பட்டுக்கு ஒரு வேலையாகவோ, ஆசைக்கோ, எண்பதில் வருவார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"ஏண்ணா நிறுத்திட்டீங்க?" என்றார் கணவர். ரோட்டைப் பார்த்தார். "முன்னால ஒன்னும் இல்லையே."

"ரோட்டுல ஒன்னும் இல்ல சார். வண்டியிலதான்" என்றேன். அதற்கப்புறம் என் வாய் வழக்கம்போல் நிற்கவில்லை.